ஆடிப் பார்க்க ஆள் வேண்டும்!



இம்மாதம் ஒரு தம்பியின் கடிதத்தோடு உங்களைச் சந்திக்கிறேன். கல்லூரியில் பயிலும் அந்தத் தம்பி, ஓய்வு நேரத்தில் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கியிருக்கிறார். பலகையைத் தம் கையாலேயே வரைந்திருக்கிறார். சட்டைப் பொத்தான்களைக் காய்களாக்கியிருக்கிறார். விதிகளை ஐந்து பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவும் செய்து முடித்தவர் என்னிடம் கேட்டிருப்பது பொருளுதவியல்ல. "ஆடிப் பார்க்க நான்கு பேர் கிடைக்கவில்லை. வீட்டில் கேட்டால் 'பிறகு பார்க்கலாம்' என்கிறார்கள். நண்பர்களைக் கேட்டால் 'இந்த வயதிலுமா விளையாட்டு?' என்று சிரிக்கிறார்கள். நான் என்ன செய்வது?" என்பதே அவருடைய வினா.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் சிரிப்பு வரலாம். 'இதுவும் ஒரு பிரச்சினையா?' என்று தோன்றலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பரணில் உறங்கும் பெட்டிகள்

என் மூத்த சகோதரியின் மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் இதேபோல் ஒரு விளையாட்டை உருவாக்கினான். கடல் வணிகம் பற்றியது அது. மரக்கலங்களில் சரக்கேற்றித் துறைமுகம் துறைமுகமாகச் சென்று விற்றுப் பொருளீட்ட வேண்டும். பெருநாள் விடுமுறையில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தபோது, கூடத்தில் பாயை விரித்து எங்களை அமரச் செய்தான். நானும், என் துணைவியாரும், அவனுடைய வாப்பாவும், சாச்சாவுமாக நால்வர் ஆடினோம். விதி புரியாத இடங்களிலெல்லாம் அவனே குறுக்கிட்டு விளக்கினான். எந்தக் காயை எங்கே நகர்த்தினால் நல்லது என்பதையும் அவனே சொல்லிக் கொடுத்தான். ஒன்றரை மணி நேரம் சென்றது.

உள்ளதைச் சொன்னால், அரை மணி நேரத்திலேயே எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ஆயினும் ஆட்டம் முடிந்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாஷா அல்லாஹ்! பிரமாதம் மருமகனே! கடையில் வைத்தால் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும்!" என்றேன். மற்ற மூவரும் அதையே வழிமொழிந்தார்கள்.

அவன் நம்பிவிட்டான். தன் சேமிப்பையும் உம்மா கொடுத்த பணத்தையும் சேர்த்து நூறு பெட்டிகள் அச்சிட்டான். அதன் பின்னர்தான் முன்பின் அறியாத மாணவர்கள் நால்வர், ஒரு விடுதி அறையில், அந்தப் பெட்டியைப் பிரித்து ஆட உட்கார்ந்தார்கள். அவன் ஒரு மூலையில் அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்தான். விதித்தாளைப் படித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கவே அவர்கள் திணறினார்கள். தொடங்கிய பின்னரோ, முதலில் இரண்டாவது மரக்கலத்தை வாங்குபவரை மற்றவர்கள் எட்டிப் பிடிக்கவே இயலாது என்பது ஐந்தாறு சுற்றுகளில் வெளிப்பட்டுவிட்டது. வெற்றி யாருக்கு என்பது தெரிந்த பின்னரும் மூவர் ஒரு மணி நேரம் வெறுமனே காய் நகர்த்த வேண்டியிருந்தது. பாதியிலேயே பெட்டியை மூடிவிட்டார்கள்.

அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்றும் என் சகோதரியின் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் போதெல்லாம் என் மனம் குறுகுறுக்கிறது. பெருநாள் இரவில், "மருமகனே, நடுப்பகுதியில் எனக்கு அலுத்துவிட்டது. ஏன் என்று பார்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் பென்சிலால் திருத்தியிருப்பான். பாராட்டியது நான், விலை கொடுத்தது அவன்.

ஆகவே இந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

இரண்டு வரலாறுகள்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு அருகே க்ளாஸ் டாய்பர் என்றொருவர் இருந்தார். பல் மருத்துவத்திற்கான செயற்கைப் பற்களைச் செய்யும் கூடத்தை நடத்தி வந்தவர். அந்த வேலையின் அலுப்பைப் போக்க, வீட்டின் அடித்தளத்தில் அமர்ந்து விளையாட்டுகளை உருவாக்குவார். அங்கிருந்து மேலே கொண்டு வந்து மனைவியையும் பிள்ளைகளையும் ஆட வைப்பார். அவர்கள் வாய்விட்டுக் குறை கூற வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. மகன் மேசைக்கு அடியில் படக்கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்தாலோ, துவைக்க வேண்டிய துணி இருப்பது மனைவிக்குத் திடீரென நினைவுக்கு வந்தாலோ, ஆட்டத்தில் ஏதோ சரியில்லை என்று அவர் புரிந்துகொள்வார். மீண்டும் அடித்தளத்திற்குச் சென்று திருத்துவார். இப்படிப் பல ஆண்டுகள் மாற்றி மாற்றி ஆடி உருவானதுதான் 'கட்டான்' என்னும் விளையாட்டு. 1995-இல் வெளிவந்து, அவ்வாண்டே ஜெர்மனியின் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. 2023-இல் டாய்பர் மறைந்தபோது, அவ்விளையாட்டு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றிருந்தது.

இன்னொருவர் அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பட்ஸ். கட்டடக் கலைஞரான அவர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தார். அந்த ஓய்வில், எழுத்துக் கட்டைகளைக் கொண்டு சொற்களை அமைக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதைச் செய்தித்தாள் பக்கங்களில் எண்ணி எண்ணிக் கணக்கிட்டார். தொடக்கத்தில் அதற்குப் பலகையே கிடையாது. மனைவியும் நண்பர்களும் ஆட ஆட, ஆண்டுக்கணக்கில் திருத்தி, 1938-ஐ ஒட்டித்தான் குறுக்கெழுத்துப் போன்ற பலகையை அதனுடன் சேர்த்தார். பெரிய விளையாட்டு நிறுவனங்கள் அதை ஏற்க மறுத்தன. ஆனால் அவர் கையால் செய்த பெட்டிகளுள் ஒன்றை வைத்து ஆடி மகிழ்ந்தவர்களில் ஜேம்ஸ் புரூனோ என்பவரும் ஒருவர். அவரே 1948-இல் முன்வந்து, உரிமையைப் பெற்று, விதிகளை எளிமையாக்கி, புதுப்பெயரும் சூட்டினார். அந்தப் பெயரை நீங்கள் அறிவீர்கள்: 'ஸ்கிராபிள்'. முதலில் நட்டம்தான். 1949-இல் விற்றவை ஏறத்தாழ 2,400 பெட்டிகளே. 1950-களின் தொடக்கத்திலோ தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு விற்பனை பெருகியது.

ஆடிப் பார்க்க வந்த ஒருவரே அந்த விளையாட்டை உலகிற்குக் கொண்டு சேர்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! பலகையில் வரைந்திருப்பது விளையாட்டின் பாதிதான். மற்றப் பாதி, அதைச் சுற்றி அமர்பவர்களின் முகத்தில் இருக்கிறது. அந்த முகங்களைக் காணாமல் எவராலும் ஒரு விளையாட்டை முழுமையாக்க இயலாது.

அழைக்கும் முன்

தம்பி, இனி உங்களுக்கு.

பிறரை அழைக்கும் முன் நீங்களே ஆடுங்கள். நான்கு பேருக்கான ஆட்டம் என்றால், நான்கு இடத்திலும் நீங்களே மாறி மாறி அமர்ந்து, நான்கு பேராகவும் சிந்தித்து ஆடுங்கள். பெரிய ஓட்டைகள் அப்போதே தெரிந்துவிடும். தனியாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழைக்காகப் பிறருடைய மாலை நேரத்தைச் செலவழிப்பது முறையாகாது.

மாதிரியை அழகுபடுத்தாதீர்கள். பழைய நாட்காட்டி அட்டையும் கையெழுத்துச் சீட்டுகளும் போதும். பளபளக்கும் பெட்டியைக் கண்டால், 'பாவம், இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே' என்று எண்ணிக் குறை சொல்லத் தயங்குவார்கள். பென்சில் கோடுகளைக் கண்டால் தயங்க மாட்டார்கள். திருத்துவதற்கும் உங்கள் கை கூசாது.

யோசனையை யாராவது திருடிக்கொள்வார்கள் என்றஞ்சி, விளையாட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்கள் உண்டு. யோசனைகளுக்கு உலகில் பஞ்சமில்லை. அதை ஐம்பது முறை ஆடித் திருத்தும் பொறுமைக்குத்தான் பஞ்சம். பூட்டி வைத்த விளையாட்டை எவரும் திருடுவதில்லை; எவரும் ஆடுவதுமில்லை.

யாரை, எப்படி அழைப்பது?

'என் விளையாட்டை ஆட வருகிறீர்களா?' என்று மொட்டையாகக் கேட்டால் எவரும் தயங்கவே செய்வார்கள். "வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். நான்கு பேர் தேவை. முக்கால் மணி நேரம் ஆகும். இன்னும் முடியாத ஆட்டம், எங்கே பிழை இருக்கிறது என்று அறியவே அழைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு நேரம், எதற்காக என்பது தெரிந்துவிட்டால் மனிதர்கள் இணங்குவார்கள். முக்கால் மணி நேரம் என்றால் முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆட்டம் பாதியில் நின்றாலும் கவலையில்லை. சொன்ன நேரத்தைக் காப்பவரின் அழைப்பை எவரும் இரண்டாம் முறை தட்டமாட்டார்கள்.

ஆட்டத்துக்கு ஏற்றவரை அழையுங்கள். சிறுவர்களுக்கான விளையாட்டைச் சிறுவர்களே ஆடிப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டு ஆடும் நீண்ட ஆட்டத்திற்கு அவ்வகையில் ஆர்வமுள்ளவர்கள் வேண்டும். பகடை உருட்டுவதை விரும்பாத வீடுகள் நம்மிடையே உண்டு. உங்கள் ஆட்டத்தில் பகடை இருக்குமானால் அதை முன்னரே சொல்லிவிடுங்கள். வந்தவரைச் சங்கடத்தில் ஆழ்த்தக் கூடாது. பகடைக்குப் பதிலாகச் சீட்டுகளை எடுத்து ஆடும்படி மாற்ற முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணமே ஆட்டத்தைச் செம்மைப்படுத்தக்கூடும்.

குடும்பத்தினர் முதற்படி. அங்கேயே நின்றுவிடாதீர்கள். நம் மீதுள்ள பாசம் அவர்கள் நாவைக் கட்டிப்போடும். நான் ஒருவனே அதற்குச் சாட்சி! நண்பனின் நண்பர், விடுதி மாணவர்கள், வகுப்பில் ஒரு பாட வேளையை ஒதுக்கித் தரும் ஆசிரியர், நூலகத்திற்கு வரும் இளைஞர்கள் என்று வெளியே செல்லுங்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் பலகை விளையாட்டு ஆர்வலர்கள் கூடி ஆடுவதும் உண்டு.

அங்கே சென்றால் ஒரு நெறியை மறவாதீர்கள். கேட்பதற்கு முன் கொடுங்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1980-களிலிருந்து ஆண்டுதோறும் விளையாட்டு ஆக்குநர்கள் தத்தம் மாதிரிகளோடு கூடுகிறார்கள். அமெரிக்காவில் 'புரோட்டோஸ்பீல்' என்னும் பெயரில் இத்தகைய கூட்டங்கள் நடக்கின்றன. அங்கெல்லாம் உங்கள் ஆட்டத்தை நான் ஆடுவேன், என் ஆட்டத்தை நீங்கள் ஆடுவீர்கள் என்பதே வழக்கம். பிறருடைய அரைகுறை ஆட்டத்தில் பொறுமையாக அமர்ந்தவருக்குத் தம் ஆட்டத்திற்கு ஆள் தேட வேண்டிய அவசியம் நேராது.

வந்து அமர்ந்த பின்

வந்தவர்களுக்குத் தேநீரும் சமோசாவும் கொடுங்கள். விதித்தாளைக் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்! இதுதான் மிகக் கடினமான பாடம். தவறாக ஆடினாலும் குறுக்கிடாதீர்கள். நாளை உங்கள் பெட்டியை வாங்குபவரின் வீட்டுக்கு நீங்கள் சென்று விளக்கப் போவதில்லை. ஆகவே அவர்கள் எங்கே தவறினார்களோ, அங்கே உங்கள் எழுத்துத் தவறியிருக்கிறது. என் மருமகன் பெருநாளன்று எங்களுக்குப் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்ததால்தான் விதித்தாளின் குறை விடுதி அறை வரைக்கும் தெரியாமலிருந்தது.

ஒரு குறிப்பேட்டில் தேதி, ஆடியவர் எண்ணிக்கை, ஆன நேரம், ஒவ்வொருவரும் பெற்ற புள்ளிகள் ஆகியவற்றை எழுதுங்கள். எந்த விதியை இரண்டு முறை கேட்டார்கள்? யார் கை எப்போது கைப்பேசியை நாடிற்று? யார் எப்போது சுவரில் சாய்ந்தார்? எப்போது குரல் உயர்ந்து சிரிப்பு எழுந்தது? வாய் சொல்லாததை உடல் சொல்லும்.

முடிந்ததும், "நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு நல்ல மனிதர்கள் அனைவரும் "ஆம்" என்றே சொல்வார்கள். "எந்த இடத்தில் அலுப்பாக இருந்தது?" "இனி வெல்ல முடியாது என்று எப்போது தோன்றியது?" "எதைச் செய்ய விரும்பியும் விதி இடம் தரவில்லை?" என்று கேளுங்கள். வரும் பதிலோடு வாதாடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்வதில் நோயாளி பெரும்பாலும் தவறுவதில்லை. மருந்தைத் தேர்வது மருத்துவர் வேலை. குறையை அவர்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள். தீர்வை நீங்கள் தேடுங்கள். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். நான்கை ஒருசேர மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமற்போகும்.

விதித்தாளைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் புதியவர்கள் வேண்டும். ஒருமுறை ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர் மீண்டும் கற்காதவராக முடியாது. எனவே புதியவர்களைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். ஒரே அன்பர்களை வாரந்தோறும் நச்சரித்து, உங்களைக் கண்டதும் அவர்கள் அடுத்த தெரு வழியாகச் செல்லும்படி வைத்துவிடாதீர்கள்!

ஆட்டம் முடிந்ததும், யாரும் கேட்காமலேயே ஒருவர், "இன்னொரு முறை ஆடலாமா?" என்றால், அதுதான் மெய்யான பாராட்டு. மற்றவையெல்லாம் மரியாதை. என்றேனும் விளையாட்டு அச்சேறினால், ஆடிப் பார்த்தவர்களின் பெயர்களை விதிநூலின் இறுதியில் அச்சிடுங்கள். வெளிநாடுகளில் அது பெருவழக்காகவே இருக்கிறது. நன்றி மறவாமைக்கு அழகான அடையாளம் அது.

வீட்டில் இருப்போருக்கு

தாய்மார்களே, தந்தையர்களே, மூத்தோர்களே! இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

உங்கள் பிள்ளை ஓர் அட்டையையும் சில பொத்தான்களையும் கையில் ஏந்தி, "கொஞ்சம் உட்காருங்களேன்" என்று வந்து நின்றால், 'பிறகு' என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் அரை மணி நேரம் உட்காருங்கள். நேரமில்லையென்றால், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துச் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு உண்மையைச் சொல்லுங்கள். அன்போடு சொல்லுங்கள், ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். "இது எனக்குப் பிடித்தது, இங்கே எனக்கு அலுத்தது" என்னும் இரண்டு வார்த்தைகள் போதும். நூறு பெட்டிகளைப் பரணில் ஏற்றாமல் அவை காப்பாற்றும். அதைவிட முக்கியமாக, 'என் வேலையை இவர்கள் பொருட்படுத்தினார்கள்' என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளையின் மனத்தில் விதைக்கும்.

என் மருமகனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நிறைவாக இராது. இரண்டாண்டுகள் அவன் பலகையைத் தொடவில்லை. அண்மையில் ஒரு மாலை, நாட்காட்டி அட்டையின் பின்புறம் வரைந்த புதிய பலகை ஒன்றோடு என் வீட்டிற்கு வந்தான். "மாமா, இந்த முறை பாராட்டக் கூடாது. அந்த உறுதி தந்தால்தான் பிரிப்பேன்" என்றான். தந்தேன். அவன் மூலையில் போய் அமர்ந்துகொண்டான். ஒரு சொல் பேசவில்லை. நாற்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. "கடைசிச் சுற்றுக்கு முந்தைய இரண்டு சுற்றுகள் தேவையற்றவை என்று தோன்றுகிறது" என்றேன். அவன் முகம் ஒரு கணம் வாடிற்று. எனக்கும் நெஞ்சு கனத்தது. பிறகு குறிப்பேட்டை விரித்து எழுதத் தொடங்கினான். எழுதி முடித்து நிமிர்ந்தவன், "அந்த இரண்டு சுற்றையும் எடுத்துவிட்டு இப்போதே ஒருமுறை ஆடிப் பார்ப்போமா, மாமா?" என்று கேட்டான்.

உட்கார்ந்தோம்.

கடிதம் எழுதிய தம்பி! உங்களுக்கும் அப்படி நால்வர் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், உங்கள் தெருவில் இதேபோல் ஆள் தேடிக் கொண்டிருக்கும் இன்னொருவரின் பாயில் சென்று அமருங்கள். அங்கிருந்து உங்கள் பாய்க்கு வழி பிறக்கும்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.